கரிப்பு நிலத்தில் பாக்டீரியா பாக்கெட்: எது பலிக்கும், எது பலிக்காது

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணிப் பக்கம் அப்பா பார்த்துவந்த மூன்று ஏக்கர் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஒரு ஏக்கரில் குண்டு மிளகாய், மீதியில் புழுதி நெல், ஈரம் மிஞ்சினால் அதிலேயே உளுந்து. கிணற்றுத் தண்ணீர் பங்குனி சித்திரையில் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது. போன வருஷம் புரட்டாசியில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளை வாங்கி, டிஏபி என்ற ரசாயன உரத்தோடு கலந்து, புழுதியில் தூவிவிட்டீர்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இந்த வருஷம் கடைக்காரர் ‘உப்பைத் தின்னும் பாக்டீரியா’ என்று ஒரு பாட்டிலைக் காட்டி, இதை விட்டால் யூரியாவே தேவைப்படாது என்கிறார். வாங்கலாமா வேண்டாமா என்பது நீங்கள் கேட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: போன வருஷம் தப்பு எங்கே, பாக்கெட்டிலா, நிலத்திலா, நான் போட்ட விதத்திலா? அதற்குப் பதில் தெரிந்தால் பாட்டில் விஷயம் தானாகவே தீர்ந்துவிடும்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் ஒரு கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். பாக்டீரியாவை வளர்ப்பது, பொடியில் கலப்பது, பாக்கெட்டில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கண்ணாடித் தட்டில் எண்ணுவது, இதுதான் பிழைப்பு. இப்போது உச்சிப்புளிப் பக்கம் கொஞ்சம் தென்னையும் மிளகாயும் வைத்திருக்கிறேன். பாக்டீரியாவைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உப்பு, வடிகால் பற்றிச் சொல்வதை ஒரு விவசாயியின் அனுபவமாக எடுத்துக்கொண்டு, மண் பரிசோதனை அறிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கூடத்தில் இருந்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகப் போட்டுப் பார்த்து அதிர்ந்துபோனது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பொடி வடிவ நுண்ணுயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். 200 கிராம் பாக்கெட்டில் 1,000 கோடி. நீங்கள் ஏக்கருக்கு 4 பாக்கெட் போட்டிருந்தால் 4,000 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை ஏறத்தாழ 900 டன். அத்தனை மண்ணிலும் சமமாகப் பரவினால் ஒரு கிராம் மண்ணுக்கு நாற்பது சொச்சம் பாக்டீரியா வரும். அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே குடியிருப்பவை கோடிக்கணக்கில். திருவிழாக் கூட்டத்தில் நாற்பது பேரை இறக்கிவிட்டு ஊரையே மாற்றச் சொன்னது போலத்தான்.

அதே 200 கிராமை 8 கிலோ உளுந்து விதையின் மேல் பூசினால் கதை வேறு. 8 கிலோவில் ஏறத்தாழ 2 லட்சம் விதை இருக்கும். ஒரு விதைக்கு 50 ஆயிரம் பாக்டீரியா. பாதி செத்தாலும், முளை விட்டு வேர் வெளியே வரும் அந்த நிமிஷத்தில் வாசலில் நிற்பது நாம் அனுப்பிய ஆள்தான். வேரிலிருந்து கசியும் சர்க்கரையும் அமிலமும் முதலில் அதற்குத்தான் கிடைக்கும். வேரை ஒட்டிய இந்த ஒரு சில மில்லிமீட்டர் மண்ணுக்கு வேர்மண்டலம் என்று பெயர் வைத்தவர் ஜெர்மனியின் லோரென்ஸ் ஹில்ட்னர், 1904-இல். அந்த வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாக்டீரியா வேலை செய்யும். வெட்ட வெளியில் தூவினால் பட்டினி கிடந்து சாகும். ஆகவே உங்கள் போன வருஷத் தோல்விக்கு முதல் காரணம், தூவியது.

இரண்டாவது காரணம் புழுதி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் நாற்று விட்டு நடுகிற ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கம் புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மழை மூன்று நாளில் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். அதுவரை விதை தாங்கும், அதற்கு உமி இருக்கிறது. அசோஸ்பைரில்லம் தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பகலெல்லாம் காயும் மணலில் வாரக்கணக்கில் கிடந்தால் பெரும்பகுதி போய்விடும். அதனால் புழுதி நெல்லுக்கு என் வழக்கம் வேறு. விதையோடு எதையும் சேர்ப்பதில்லை. மழை விழுந்து, பயிர் முளைத்து, முதல் களை எடுக்கிறபோது ஏக்கருக்கு 4 பாக்கெட்டை 10 கிலோ மக்கிய குப்பையிலும் 10 கிலோ மண்ணிலும் கலந்து, மாலை நேரத்தில், ஈரம் இருக்கும்போது வரிசை ஓரமாகப் போடுகிறேன். இதுவும் தூவுவதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், விதைமேல் பூசுவதைவிட மட்டம்தான். ஆனால் அப்போது வேர் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, கூடவே தின்னக் குப்பையும் இருக்கிறது.

மூன்றாவது, டிஏபி. உர மூட்டையின் உப்புச் செறிவில் பாக்டீரியாவைப் போட்டுப் புரட்டினால் அதன் உடம்பிலுள்ள தண்ணீரை உரம் உறிஞ்சிவிடும். ஊறுகாய் கெடாமல் இருப்பது எதனால் என்று யோசித்தால் போதும். ரசாயன உரம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கூடையில் கலக்காதீர்கள், ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

நான்காவதாகப் பாக்கெட்டும் செத்ததாக இருந்திருக்கலாம். அந்தக் கறுப்புப் பொடியைப் பலர் உரம் என்றே நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடி. புளிப்பைப் போக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்த்து, அதில் பாக்டீரியாக் கரைசலை ஊற்றிப் பிசைந்தது. கரி வெறும் வண்டி, பயணிதான் முக்கியம். நான் வேலை பார்த்த காலத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கில் கோடை முழுவதும் அடுக்கியிருந்த பாக்கெட்டுகளில் சிலவற்றைத் திரும்ப வாங்கி எண்ணிப் பார்த்தோம். காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. தட்டில் நாங்கள் அனுப்பிய பாக்டீரியா ஒன்றுகூட எழவில்லை, வேறு எதெதோ முளைத்தன. கிடங்கு எது என்பது இப்போது வேண்டாம். சொல்ல வருவது இதுதான்: பொடிக்கு ஆறு மாதம், திரவத்துக்கு ஒரு வருஷம் என்று அச்சிட்டிருப்பது நிழலில் குளிர்ச்சியாக வைத்திருந்தால் மட்டும். சித்திரை வெயிலில் பஸ் கூரையில் வந்த பாக்கெட்டுக்குத் தேதி கிடையாது. கடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள், போன மாதம் தயாரித்ததைக் கேளுங்கள், அங்கிருந்து நேராக வீட்டு மண்பானைப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். பூச்சிமருந்து, உரமூட்டை இருக்கும் அறையில் வைக்கவே கூடாது.

இதில் பேசில்லஸ் இனம் மட்டும் விதிவிலக்கு. பாஸ்போபாக்டீரியா என்று விற்பதில் பெரும்பாலும் பேசில்லஸ் மெகாடீரியம்தான் இருக்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் நோய்த் தடுப்புக்கு வருகிறது. இவை நெருக்கடி வந்தால் வித்தாக மாறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். சூடு, வறட்சி இரண்டையும் தாங்கும். நம் வெயிலுக்கு ஏற்ற சரக்கு என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். நோய்த் தடுப்புக்கு விற்கும் இன்னொரு பாக்டீரியாவான சூடோமோனாஸுக்கு அந்த வித்தை தெரியாது.

சரி, உப்புக்கு வருவோம். ‘உப்பைத் தின்னும்’ என்ற சொல்லிலேயே பொய் இருக்கிறது. மாவுச்சத்தையோ எண்ணெயையோ பாக்டீரியா தின்று கரியமில வாயுவாக மாற்றலாம். சோடியம் ஒரு தனிமம். அதை உடைத்து வேறொன்றாக்க எந்த உயிராலும் முடியாது. வயலிலிருந்து உப்பு வெளியேற ஒரே வாகனம் தண்ணீர். மழை கரைத்து வேருக்குக் கீழே இறக்க வேண்டும், அல்லது வடிகால் வழியே வெளியே கொண்டுபோக வேண்டும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஆனால் கடைக்காரர் சொல்வது முழுக்கக் காற்றில் பிடித்ததும் அல்ல. உப்பில் வாழப் பழகிய பாக்டீரியாக்கள் நிஜமாகவே உண்டு. நம் கடற்கரையிலேயே உண்டு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உவர்நீரில் வளரும் ஒரு காட்டு நெல் இனத்தோடு வாழ்ந்த ஒரு பாக்டீரியாவை 2004-இல் புதிய இனமாக அறிவித்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் பெயரை வைத்து சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ் என்று பெயரிட்டார்கள். உப்பைத் தாங்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடிக்கும், பாஸ்பேட்டைக் கரைக்கும். இப்படிப்பட்டவை பயிருக்கு இரண்டு வகையில் உதவுகின்றன. உப்பு நெருக்கடியில் செடி தன் உடம்பில் எத்திலீன் என்ற வாயுவை அளவுக்கு மீறிச் சுரக்கும், அதனால் வேர் வளர்ச்சி நின்றுபோகும். சில பாக்டீரியாக்கள் எத்திலீன் உண்டாவதற்கு முந்தைய பொருளையே உடைத்துத் தின்றுவிடுகின்றன, வேர் தொடர்ந்து ஓடுகிறது. இன்னொன்று, வேரைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு பசையைச் சுரந்து சோடியத்தில் கொஞ்சத்தை அங்கேயே பிடித்து நிறுத்துகின்றன. ஆகச் செடி உப்பைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கை கொடுக்கும். உப்பு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் தகராறு. தொட்டிச் செடியில் கிடைக்கும் பலன் வயலில் அப்படியே வருவதில்லை. பெரும்பாலும் தொட்டி மண்ணை வேகவைத்துக் கிருமி நீக்கிவிட்டுச் சோதிக்கிறார்கள், அங்கே போட்டிக்கு ஆளில்லை. வயலில் முடிவுகள் ஏறி இறங்குகின்றன. அதனால் அந்தப் பாட்டிலை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். லேபிளில் பாக்டீரியாவின் பெயர், ஒரு மில்லிக்கு எத்தனை, தயாரித்த தேதி, உரிம எண் நான்கும் இருக்கிறதா பாருங்கள். திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி என்பது சட்டப்படி குறைந்த அளவு. ‘20 வகை நுண்ணுயிர் கலவை’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரே பாட்டிலில் இருபதை அடைத்தால் மூன்று மாதத்தில் பலமானது ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

உங்கள் மூன்று ஏக்கருக்கு உப்பு உண்மையில் எவ்வளவு பிரச்சினை என்பது பயிரைப் பொறுத்தது. மண்ணின் உப்பை இசி என்று அளக்கிறார்கள், அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது. மிளகாய் இந்த விஷயத்தில் ரொம்ப நோஞ்சான். மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து எடுக்கும் நிறைவுற்ற மண்சாற்றில் 1.5 தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 14 சதவீதம் போகும். நெல்லுக்கு 3 வரை பரவாயில்லை. பருத்தி 7.7 வரை அசைந்து கொடுக்காது. நம் பெரியவர்கள் ஓடையோரக் கரிப்பு நிலத்தில் பருத்தியைப் போட்டு, மிளகாயை மேட்டுக்குக் கொண்டுபோனது சும்மா இல்லை. ஒரு எச்சரிக்கை: சாதாரண மண் பரிசோதனையில் மண்ணோடு இரண்டு மடங்கோ இரண்டரை மடங்கோ தண்ணீர் கலந்து அளக்கிறார்கள். அந்த எண் சிறியதாக வரும். நான் மேலே சொன்ன எண்களோடு அதை நேரடியாக ஒப்பிடாதீர்கள், மணல் மண்ணில் வித்தியாசம் பல மடங்கு. ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் எண் எந்த முறையில் எடுத்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே கேட்கலாம். மண்ணின் காரத்தைக் காட்டும் பிஎச் 8.5-க்கு மேல் போயிருந்தால் அது வெறும் உவர் இல்லை, மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்ட களர். அதற்கு ஜிப்சம் வேண்டும், பாக்டீரியா அந்த வேலையைச் செய்யாது.

இனி ஒவ்வொரு பயிராக. உளுந்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், அதில் பேசவும் நிறைய இருக்கிறது. பயறு வகைச் செடியின் வேரிலுள்ள முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது 1880களிலேயே நிரூபிக்கப்பட்ட விஷயம். 1888-இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்தார். காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான், ஆனால் செடியால் அதைத் தொட முடியாது. பாக்டீரியாவின் ஒரு நொதியால் முடியும். அந்த நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதற்காகச் செடி முடிச்சுக்குள் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருளை உண்டாக்கி, ஆக்சிஜனை அளந்து அளந்து விடுகிறது. விதைத்து முப்பது முப்பத்தைந்து நாளில் ஒரு செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள், பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். வாளித் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் சும்மா குடியிருக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் வயசாகிவிட்டது. பைசா செலவில்லாத பரிசோதனை.

இங்கேயும் ஒரு சிக்கல். உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு, நிலக்கடலை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே கூட்டத்து ரைசோபியம்தான். இந்தப் பயிர்களைப் பல வருஷமாகப் பார்த்த நிலத்தில் அது ஏற்கெனவே இருக்கும். ஊர்க்காரனும் வந்தவனும் போட்டி போட்டால் பெரும்பாலும் ஊர்க்காரன் ஜெயிக்கிறான், அவன் உப்புக்கும் வெயிலுக்கும் பழகியவன். போன தடவை உளுந்தில் முடிச்சு நிறையச் சிவப்பாக இருந்திருந்தால் பாக்கெட் போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது, அது தோல்வியும் இல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி எடுத்துப் புதிதாகத் திருத்திய துண்டாக இருந்தால், அல்லது பல வருஷம் பயறே போடாத மண்ணாக இருந்தால், கட்டாயம் போடுங்கள். உப்பு மண்ணில் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும், ஆனால் வேர்த்தூவிக்குள் நுழைந்து முடிச்சுக் கட்டும் அந்தக் காரியம் தடுமாறும். அதனால் உளுந்தை மழைக்குப் பிறகு உப்பு கீழே இறங்கியிருக்கும் தை மாதத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஆறின அரிசிக் கஞ்சியில் பாக்கெட்டைக் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி காயவிட்டு, அன்றைக்கே விதையுங்கள். கஞ்சியில் உப்புப் போட்டுவிடாதீர்கள், ஒரு வீட்டில் அதுவும் நடந்திருக்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி முடிச்சே கட்டாது. இலவசமாகச் சோறு கிடைக்கும்போது யார் உலை வைப்பார்கள்?

பாக்டீரியாவின் தழைச்சத்தை நெல்லுக்கும் மிளகாய்க்கும் சேர்த்துக் கிடைக்கச் செய்வது தக்கைப்பூண்டு. முதல் மழையில் விதைத்து, பூக்கிற பருவத்தில், நாற்பது நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதால் வேர் முடிச்சில் பிடித்த தழைச்சத்து எல்லாம் மண்ணுக்கு. உவரையும் தாங்கும் செடி. பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் தக்கைப்பூண்டு விதை வாங்கினால் எனக்குச் சந்தோஷம். மழை குறைந்த நம் பக்கத்தில் அதற்கு ஒதுக்கும் நாற்பது நாள் பெரிய விலை என்பதும் தெரியும். அரை ஏக்கரில் சுழற்சியாகச் செய்து பாருங்கள்.

அசோஸ்பைரில்லம் விஷயத்தில் பொதுவாகச் சொல்லப்படுவதைவிட நான் கொஞ்சம் சுருதி குறைத்துத்தான் சொல்வேன். 1970களில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் புல், தானியப் பயிர்களின் வேரில் இதைக் காட்டியபோது, நெல்லும் சோளமும் இனி தங்கள் தழைச்சத்தைத் தாங்களே சம்பாதிக்கும் என்று உலகமே நம்பியது. பிறகு பார்த்ததில், வேலையின் பெரும்பங்கு வேர் வளர்ச்சி ஊக்கியைச் சுரப்பதுதான் என்று தெரிந்தது. பக்கவேர் நிறைய விடும், வேர்த்தூவி கூடும், அதனால் இருக்கிற தண்ணீரையும் சத்தையும் செடி நன்றாக எடுக்கும். மழையை நம்பிய நிலத்தில் அதுவே நல்ல லாபம். ஆனால் தழைச்சத்தைக் கால்வாசி குறைக்கலாம் என்ற சிபாரிசை முதல் வருஷமே நம்பிக் குறைக்காதீர்கள். யூரியாவே வேண்டாம் என்பது பேச்சுக்குக்கூட வேண்டாம்.

பாஸ்போபாக்டீரியா அமிலத்தைச் சுரந்து, சுண்ணாம்போடு கட்டுண்ட மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை விடுவிக்கிறது. ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவைச் சுற்றி ஒரு தெளிவான வளையம் விழும், பார்க்கவே அழகு. ஆனால் நம் கடலோர மணலில் சிப்பியும் சங்கும் பொடிந்து சுண்ணாம்பு அதிகம். அத்தனை சுண்ணாம்புக்கு முன்னால் பாக்டீரியா விடும் துளி அமிலம் எம்மாத்திரம்? குப்பையோடு சேர்த்துப் போடும்போது பலன் தெரிகிறது, தனியாகப் போட்டால் சந்தேகம்தான்.

மிளகாயில் நான் விடாமல் செய்வது நாற்றங்காலில் சூடோமோனாஸ் புளோரசன்ஸ். கிலோ விதைக்கு 10 கிராம். மண்ணிலுள்ள இரும்பைக் கொக்கி போட்டு இழுக்கும் ஒரு பொருளைச் சுரந்து, நாற்றழுகல் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக மின்னும் அந்தப் பொருளால்தான் இதற்கு இந்தப் பெயர். நடும்போது ஏக்கருக்கு 2 பாக்கெட் அசோஸ்பைரில்லத்தைப் பதினைந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரைக் கால் மணி நேரம் நனைத்து எடுங்கள். அதற்குக் கிணற்றுக் கரிப்புத் தண்ணீர் வேண்டாம், ஊருணித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ இரண்டு குடம் போதும். நாற்றங்காலில் தாமிர மருந்து ஊற்றினால் அந்தச் சமயம் பாக்டீரியாவை மறந்துவிடுங்கள், தாமிரம் பூஞ்சையையும் கொல்லும் இதையும் கொல்லும். இன்னொன்று, இலைச் சுருட்டைக்கு இதைத் தெளித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது இலைப்பேன், சிலந்தி, வைரஸ் வேலை. வறட்சிக்கு பிபிஎஃப்எம் என்று ஒன்று தெளிக்கச் சொல்வார்கள். இலை வளரும்போது கசியும் மெத்தனாலைத் தின்று இலைமேலேயே வாழும் இளஞ்சிவப்புப் பாக்டீரியா அது. தையில் மழை நின்று பூ உதிரும் நேரத்தில் ஒரு தெளிப்பு கொடுத்துப் பார்க்கலாம், அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை, பெரிதாகப் புகழவும் எதுவும் இல்லை. நீலப்பச்சைப் பாசி, அசோலா என்ற நீர்ப்பெரணி இரண்டும் தண்ணீர் நிற்கும் வயலுக்கு, உங்களுக்குத் தேவைப்படாது.

இவை எல்லாவற்றுக்கும் சாப்பாடு வேண்டும். நம் மணலில் மக்கு ரொம்பக் குறைவு, பாக்டீரியாவை இறக்கிவிட்டுச் சோறு போடாவிட்டால் எப்படி? இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுங்கள், கிடை போடும் ஆட்டுக்காரரான கீதாரியிடம் நாலு ராத்திரி பேசினால் போதும். புழுக்கையும் மூத்திரமும் மேலாக விழுந்ததை உடனே ஒரு உழவு ஓட்டி மூடிவிடுங்கள். கண்மாயில் அள்ளும் வண்டலான கரம்பையும் நல்லது, மணலுக்கு ஈரம் பிடிக்கும் சக்தி வரும். ஆனால் கடலுக்குப் பக்கத்துக் கண்மாய் என்றால் ஒரு கைப்பிடி கொண்டுபோய் இசி பார்த்துவிட்டு அடியுங்கள், உப்பைக் காசு கொடுத்து வாங்கி வயலில் போட்ட ஆள் நான் ஒருவன் போதும். கரையொதுங்கும் கடற்பாசியைப் போடுவதானால் ஒரு மழைக்காலம் குவியலாகக் கிடந்து உப்புக் கழுவிப்போன பிறகு போடுங்கள். கோடையில் வெறும் மண்ணை விடாமல் பனையோலையோ வைக்கோலோ பரப்பினால் சூடும் குறையும், அடியிலிருந்து உப்பு ஏறிப் பூப்பதும் குறையும்.

பாக்கெட்டை ஒரு டிரம் தண்ணீரில் கருப்பட்டி போட்டுப் பெருக்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கருப்பட்டியைத் தின்னப் போவது நீங்கள் போட்டது மட்டும் அல்ல. டிரம்மில், தண்ணீரில், கையில் ஏற்கெனவே இருப்பதும் சேர்ந்து பெருகும், இரண்டு நாளில் எது எது என்று நுண்ணோக்கி வைத்திருந்த எனக்கே தெரியாது. வீட்டில் புளிக்கவைத்துச் செய்யும் பஞ்சகவ்யம், அமுதக்கரைசல், மீன் அமிலம் இவற்றிலும் நிறைய நுண்ணுயிர் உண்டு. பலன் பார்த்தவர்களை நான் மறுக்கவில்லை. அந்தப் பலனில் பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு, கரைந்திருக்கும் சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. செய்முறைக்குச் செய்முறை, டிரம்முக்கு டிரம் அது மாறும்.

ஆக, இந்த வருஷம் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே பாட்டமாகப் போடாமல், மிளகாயில் நடுவில் நாலு வரிசையை வெறுமனே விடுங்கள். எல்லா உரமும் எல்லாத் தண்ணீரும் ஒன்று போல, பாக்டீரியா மட்டும் கிடையாது. ஓரத்து வரிசையை விடாதீர்கள், ஓரம் எப்போதும் பொய் சொல்லும். இரண்டு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பழம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நாலு வரிசைப் பழத்தைத் தனிச் சாக்கில் காயவைத்து எடை போட்டு எழுதுங்கள், பக்கத்து நாலு வரிசைக்கும் அப்படியே. கடைக்காரர் பாட்டிலையும் ஆசைக்கு வாங்கினால் அதற்கும் தனியாக நாலு வரிசை. மாசியில் தொடங்கி வைகாசிக்குள் உங்கள் மண்ணுக்கான பதில் உங்கள் நோட்டில் இருக்கும்.

மண் மாதிரி இப்போது ஒன்று, மழை முடிந்து மார்கழியில் ஒன்று எடுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் இரண்டு தடவையும் கொடுங்கள். இசி, பிஎச், எந்த முறையில் அளந்தது, மூன்றையும் இங்கே எழுதுங்கள். மிளகாயை மேட்டுத் துண்டுக்கு மாற்ற வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.